கறிவேப்பிலை மஞ்சளானால் உடனே உரம் வைக்காதீர்கள்

டிசம்பர் பிறந்தால் டொரண்டோ பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரிப் படங்கள் வர ஆரம்பிக்கும். ஜன்னலோரத்தில் ஒரு தொட்டி, அதில் பாதி இலை கொட்டிப்போன கறிவேப்பிலை, கூடவே மஞ்சளான ஓர் இலையைக் கிட்டத்தில் எடுத்த படம். கீழே கேள்வி: என்ன உரம் போடலாம்? பதில்களும் வரிசையாக வரும். புளித்த மோர் ஊற்றுங்க, எப்சம் உப்பு போடுங்க, அரிசி கழுவின தண்ணி, முட்டை ஓடு, துருப்பிடிச்ச ஆணியை மண்ணில் புதைச்சு வைங்க.

இதில் சிலது சில நேரம் வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள், இயற்கை உரத்தில் வளரும் தொட்டிச் செடி வாடினாலோ மஞ்சளானாலோ பெரும்பாலும் மண்ணில் சத்து இருந்துகொண்டேதான் இருக்கும். அதை எடுக்க வேருக்கு முடியவில்லை என்பதுதான் பிரச்சினை. வேர் ஏன் வேலை செய்யவில்லை என்று பார்க்காமல் மேலே மேலே உரம் வைத்தால், சாப்பிட முடியாமல் படுத்திருப்பவருக்கு இலையில் இன்னும் சோறு வைப்பது மாதிரிதான். அதனால் முதலில் தண்ணீர், அப்புறம் வேரின் சூடு, வெளிச்சம், காற்று, பூச்சி. உரம் எல்லாவற்றுக்கும் கடைசி.

கறிவேப்பிலையை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் இங்கே அதைத்தான் எல்லாரும் வளர்க்கிறோம், எல்லாரும் சாகடிக்கிறோம். மிளகாய், தக்காளி, துளசி எதற்கும் பார்க்கும் முறை இதேதான். ஒன்று தெரிந்திருந்தால் நல்லது: கறிவேப்பிலை, எலுமிச்சையும் ஆரஞ்சும் இருக்கும் அதே தாவரக் குடும்பம். தொட்டியில் எலுமிச்சை வளர்ப்பவர்களுக்கான குறிப்புகள் பெரும்பாலும் இதற்கும் பொருந்தும், தேடும்போது அப்படித் தேடிப் பாருங்கள்.

ஸ்ட்ரெஸ் என்றால் என்ன

செடி நாள் முழுக்க ஒரு கணக்கைச் சரிக்கட்டிக்கொண்டே இருக்கிறது. இலை வழியாகத் தண்ணீர் ஆவியாகிப் போகிறது, அந்த இழுப்பில் வேரிலிருந்து தண்ணீர் மேலே ஏறுகிறது, தண்ணீரோடு சேர்ந்து சத்தும் ஏறுகிறது. வெளிச்சம் இருந்தால் அதை வைத்து மாவுச்சத்து செய்து வளர்கிறது. இதில் ஒன்று மட்டும் கூடியோ குறைந்தோ போனால் மற்றதெல்லாம் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தைத்தான் செடிக்கு ஸ்ட்ரெஸ் என்கிறோம். இலை மஞ்சளாவது, சுருள்வது, கொட்டுவது எல்லாம் அதன் வெளி அடையாளம். ஒரே அடையாளத்துக்குப் பல காரணம் இருக்கலாம் என்பதுதான் புதிதாக வளர்ப்பவர்களைக் குழப்புகிறது.

கனடாவில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் வந்த செடிக்கு எல்லாமே ஒரே நேரத்தில் மாறிவிடுகிறது. டிசம்பர் கடைசியில் டொரண்டோவில் பகல் 9 மணி நேரம்கூட முழுதாக இல்லை. சென்னையில் அதே நாளில் 11 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் உண்டு, அதுவும் உச்சி வெயில். இங்கே ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் சாய்ந்த வெளிச்சம் கோடையில் வெளியே கிடைத்ததில் ஒரு சின்னப் பங்குதான். ஹீட்டர் ஓடுவதால் காற்றில் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே கூட இறங்கும். ஆக, இலை காய்கிறது, வேர் குளிரில் கிடக்கிறது, செடி தன் உணவைச் சமைக்க வெளிச்சம் இல்லை. அந்த நிலையில் செடி தன்னால் காப்பாற்ற முடியாத இலைகளைத் தானே கழற்றிப் போடுகிறது. அக்டோபரில் உள்ளே கொண்டுவந்த சில வாரங்களில் இலை கொட்டுவது பெரும்பாலும் இதுதான், நோய் இல்லை. கொம்பை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் செடி உயிரோடுதான் இருக்கிறது, விட்டுவிடுங்கள்.

இயற்கை உரத் தொட்டியில் யார் சமைக்கிறார்கள்

ரசாயன உரம் தண்ணீரில் கரைந்ததும் வேர் நேரடியாக எடுத்துக்கொள்ளும். மண்புழு உரம், மக்கிய சாணம், கடலைப் புண்ணாக்கு, மீன் அமிலம் எல்லாம் அப்படி இல்லை. அவற்றில் உள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) பெரும்பாலும் புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளாக இருக்கும். மண்ணில் வாழும் பாக்டீரியாவும் பூஞ்சையும் அதை உடைத்து அம்மோனியமாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றினால்தான் வேருக்குக் கிடைக்கும். அந்த நுண்ணுயிர்களுக்கு மூன்று வேண்டும்: ஈரம், காற்று, சூடு.

இங்கேதான் ஜன்னலோரத் தொட்டி மாட்டிக்கொள்கிறது. அறையில் 21 டிகிரி இருக்கிறதே என்று நாம் நினைப்போம். ஜன்னல் பலகையில், கண்ணாடியை ஒட்டி நிற்கும் தொட்டிக்குள் மண் அதைவிட எவ்வளவோ குளிர்ந்திருக்கும். ஒரு சமையல் தெர்மாமீட்டரைக் காலையில் மண்ணுக்குள் செருகிப் பாருங்கள், 13, 14 டிகிரி காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். அந்தக் குளிரில் நுண்ணுயிர்கள் மிக மெதுவாகத்தான் வேலை செய்யும், கறிவேப்பிலை வேரும் கிட்டத்தட்ட தூங்கிவிடும். செடி மஞ்சளாகிறது என்று நீங்கள் மண்புழு உரம் வைக்கிறீர்கள், ஒன்றும் நடக்கவில்லை, இன்னும் கொஞ்சம் வைக்கிறீர்கள். மார்ச்சில் சூடு வந்ததும் சேர்த்து வைத்ததெல்லாம் ஒரேயடியாக உடைந்து வெளியே வரும். இலை நுனி கருகும், மேல்மண்ணில் வெள்ளையாக உப்புப் பூக்கும்.

ஆக, குளிர்காலத்தில் முதல் மருந்து தொட்டியை ஜன்னல் பலகையிலிருந்து எடுத்து உள்ளே கொஞ்சம் நகர்த்தி, ஒரு மரப்பலகை அல்லது தெர்மோகோல் துண்டின் மேல் வைப்பது. விதை முளைக்க வைக்கும் வெப்பப் பாய் இருந்தால் இன்னும் நல்லது. செலவே இல்லாத வேலை இது, ஆனால் யாரும் சொல்ல மாட்டார்கள், எப்சம் உப்பைத்தான் சொல்வார்கள்.

மோர் விஷயத்துக்கு வருவோம், இல்லாவிட்டால் கேட்பீர்கள். ஊரில் கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. நம் பக்கம் பல இடங்களில் மண் சுண்ணாம்பு கலந்த காரமண், அதில் இரும்புச்சத்து பூட்டிக்கொள்ளும். மோரின் புளிப்பு வேரைச் சுற்றிக் கொஞ்ச நேரத்துக்காவது அதைத் தளர்த்தும், அதோடு கொஞ்சம் சத்தும் சேரும். திறந்த நிலத்தில், 35 டிகிரி வெயிலில், ஆயிரம் உயிர்கள் அதை உடனே தின்று தீர்த்துவிடும். மூடிய அறையில் குளிர்ந்த தொட்டியில் ஊற்றினால் அது தின்னப்படாமல் அழுகும். நாற்றம் வரும், மேலே பூஞ்சணம் படரும், சின்னக் கொசு மாதிரி ஈக்கள் வந்து குடியேறும். உப்புப் போட்ட மோராக இருந்தால் கேட்கவே வேண்டாம். கோடையில், தொட்டி வெளியே இருக்கும்போது, நிறையத் தண்ணீர் கலந்து ஊற்றுவதென்றால் ஊற்றுங்கள். காபித்தூள், தேயிலைச் சக்கை, பழத்தோல் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்: வெளியே மக்க வைத்துவிட்டுப் போடுங்கள். மக்காத பொருளை மண்ணில் கலந்தால் அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் தங்களுக்கு எடுத்துக்கொள்ளும். உரம் போட்ட பிறகு செடி இன்னும் மஞ்சளாகும் விநோதம் அப்படித்தான் நடக்கிறது.

தண்ணீர்தான் முதல் சந்தேகம்

தொட்டிச் செடிகள் சாவது தாகத்தில் என்பதைவிட மூழ்கித்தான் அதிகம். தண்ணீர் கூடினாலும் இலை தொங்கும், குறைந்தாலும் தொங்கும். வேருக்கு ஆக்சிஜன் வேண்டும். மண் இடுக்குகள் எல்லாம் தண்ணீரால் நிறைந்திருந்தால் வேர் மூச்சுத் திணறி வேலையை நிறுத்திவிடும், ஈரத்தின் நடுவிலேயே செடி வாடும். அதைப் பார்த்துவிட்டு ஐயோ பாவம் என்று இன்னொரு டம்ளர் ஊற்றுவோம்.

வித்தியாசம் கண்டுபிடிக்க வழி எளிது. தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். நன்றாகத் தண்ணீர் விட்ட உடனே ஒருமுறை தூக்கி அந்தக் கனத்தைக் கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் காய்ந்த பிறகு ஒருமுறை. வாடிய செடியின் தொட்டி லேசாக இருந்தால் தாகம். கனமாக இருந்தால் தண்ணீரைத் தொடாதீர்கள். தாகத்தில் வாடிய இலை மெலிந்து, தொட்டால் காகிதம் போலிருக்கும், தண்ணீர் விட்ட சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். மூழ்கிய செடியின் இலை பூரித்தபடியே தொங்கும், தண்ணீர் விட்டாலும் நிமிராது, மண்ணை முகர்ந்தால் சாக்கடை வாடை லேசாக அடிக்கும். சந்தேகம் தீரவில்லையா, செடியைத் தொட்டியிலிருந்து மெதுவாக நழுவ விட்டு வேரைப் பாருங்கள். வெளிறிய நிறத்தில் உறுதியாக இருந்தால் நல்ல வேர். பழுப்பாக, இழுத்தால் தோல் கழன்று நூல் மாதிரி ஓர் இழை மட்டும் கையில் வந்தால் அழுகல்.

தொட்டிக்கு அடியில் கூழாங்கல் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலரும் நம்புகிறார்கள். வடியாது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளி உள்ள கல்லுக்குள் தண்ணீர் சுலபமாக இறங்காது, மேலே உள்ள மண் முழுதாக நனைந்து தாங்க முடியாமல் போனால்தான் சொட்டும். அதனால் ஈரம் தேங்கும் பகுதி கல்லுக்கு மேலே, வேருக்கு இன்னும் கிட்டத்தில் வந்து நிற்கும். வடிய வேண்டுமானால் மண் கலவையையே மாற்ற வேண்டும்: பெர்லைட் (லேசான வெள்ளை எரிமலைக் கல் துகள்), பொடித்த மரப்பட்டை, கரடான மணல், எது கிடைக்கிறதோ அது. சின்னச் செடியைப் பெரிய தொட்டியில் வைப்பதும் இதே சிக்கல்தான். குடிக்க வேர் இல்லாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். இருக்கும் தொட்டியைவிட இரண்டு அங்குலம் அகலம் கூடியது போதும். சொல்ல மறந்தேனே, அடித்தட்டில் நிற்கும் தண்ணீரை அரை மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள்.

குளிர்காலக் கறிவேப்பிலைக்குக் கிழமை வைத்துத் தண்ணீர் விடாதீர்கள். விரலை இரண்டு கணு ஆழம் விட்டு, அங்கே காய்ந்திருந்தால் மட்டும், அறைச் சூட்டில் உள்ள தண்ணீரை, அடியில் வடியும்வரை நிறைய விடுங்கள். தினமும் அரை டம்ளர் என்பதுதான் இருப்பதிலேயே மோசமான முறை, மேலே சேறு, அடியில் வறட்சி.

பழைய இலையா, புது இலையா

தண்ணீரும் சூடும் சரியாக இருக்கிறது, அப்படியும் மஞ்சளாகிறது என்றால் இப்போது சத்தைப் பற்றிப் பேசலாம். இதில் ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும்.

சில சத்துக்களைச் செடி ஓர் இலையிலிருந்து எடுத்து இன்னொன்றுக்கு அனுப்ப முடியும். தழைச்சத்து, மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் அந்த வகை. இவை குறைந்தால் செடி கீழே உள்ள கிழட்டு இலையிலிருந்து உருவித் தளிருக்குக் கொடுக்கும், அதனால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். இரும்பு, சுண்ணாம்புச்சத்து, துத்தநாகம், மாங்கனீசு போன்றவை ஒருமுறை ஓர் இலைக்குள் போய் அமர்ந்தால் கிட்டத்தட்ட நகராது. அவை கிடைக்காவிட்டால் புதுத் தளிர்தான் பாதிக்கப்படும். ஆகவே படம் எடுத்து யாருக்காவது அனுப்புவதானால் இலையை மட்டும் எடுக்காதீர்கள், முழுச் செடியும் தெரிகிற மாதிரி எடுங்கள். மஞ்சள் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதில்தான் பாதி விடை.

அடி இலை முழுதும் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்து. அடி இலையில் நரம்பு பச்சையாகவும் நடுப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் மெக்னீசியம். எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட் தான், அதற்கு வேலை இந்த ஓர் இடத்தில் மட்டும். தென்னை நார்க் கழிவு அதிகம் கலந்த மண்ணில் இது நிஜமாகவே வரும், ஏனென்றால் அந்த நார் சுண்ணாம்புச்சத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மற்றபடி சும்மா தூவினால் சுண்ணாம்புச்சத்து ஏறுவதைத்தான் அது கெடுக்கும். அடி இலையின் ஓரம் மட்டும் கருகினால் சாம்பல் சத்துக் குறையாக இருக்கலாம், உப்புத் தேக்கமாகவும் இருக்கலாம். மேல்மண்ணில் வெள்ளைப் படலம் தெரிந்தால் இரண்டாவதுதான்.

கறிவேப்பிலையில் அதிகம் பார்ப்பது இதற்கு நேர்மாறானது: கீழே கரும்பச்சை, மேலே வரும் தளிர் எலுமிச்சை மஞ்சள், அதில் நரம்பு மட்டும் பச்சை வலை போலத் தெரியும். இரும்பு கிடைக்கவில்லை. இந்தக் குடும்பத்துச் செடிகளுக்கே உள்ள வியாதி இது. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, மண்ணின் காரத்தன்மை ஏறிவிட்டது. அதை அளக்கும் எண்தான் பி.எச்., எண் கூடினால் காரம் கூடுகிறது என்று அர்த்தம். கறிவேப்பிலைக்கு 6 முதல் 6.5 வரை உள்ள பி.எச். சௌகரியம், 7.5 தாண்டினால் இரும்பு கரையாமல் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். இங்கே குழாயில் வரும் ஒன்டாரியோ ஏரித் தண்ணீரில் சுண்ணாம்பு ஓரளவு உண்டு, கெட்டிலின் அடியில் படியும் வெள்ளைதான் சாட்சி. வருஷக் கணக்கில் அதையே விட்டுக்கொண்டிருந்தால் தொட்டி மண் மெல்ல மெல்லக் காரமாகும். இந்த நேரத்தில் ஆணி புதைப்பதில் பயனில்லை, துரு என்பதும் கரையாத இரும்புதான். முட்டை ஓடு இன்னும் மோசம், அது சுண்ணாம்பு, காரத்தைக் கூட்டும்.

என்ன செய்யலாம்? பி.எச். பார்க்கும் காகிதமோ சொட்டு மருந்துப் பெட்டியோ வாங்கிப் பாருங்கள். மண்ணில் குத்தும் மலிவான இரட்டை ஊசி மீட்டரை நம்பாதீர்கள், அது காட்டும் எண்ணுக்கும் மண்ணுக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. காரம் ஏறியிருந்தால் மண்ணில் ஒரு பகுதியை மாற்றலாம், கொஞ்சம் கந்தகப் பொடி கலக்கலாம். கந்தகத்தை அமிலமாக மாற்றுவதும் பாக்டீரியாதான், குளிரில் அதுவும் நடக்காது, வசந்தத்தில் போடுங்கள். அவசரத்துக்குச் செலேட் செய்த இரும்பு (மண்ணோடு ஒட்டாமல் கரைந்தே இருக்கும்படி செய்தது) என்று கடையில் கேட்டு வாங்கலாம். நிறையப் பேருக்குத் தோன்றாத ஒன்று: கொல்லைப்புறத்தில் சுத்தமான பனி கொட்டிக் கிடக்கிறது. வாளியில் அள்ளி வந்து உருக்கி அறைச் சூட்டுக்கு வந்ததும் விட்டால் சுண்ணாம்பில்லாத தண்ணீர். நடைபாதை ஓரத்துப் பனி மட்டும் வேண்டாம், அதில் உப்புத் தூவியிருப்பார்கள்.

குழாய்த் தண்ணீரை ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பார்கள். டொரண்டோவில் குழாயில் வருவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன், அது அப்படிச் சுலபமாகப் போகாது. அந்த அளவில் செடிக்கு அதனால் கெடுதலும் இல்லை. தண்ணீர் அறைச் சூட்டுக்கு வரட்டும் என்று வைத்தால் சரி.

வெளிச்சமும் காற்றும்

தண்டு மெலிந்து நீண்டு, இலைக்கு இலை இடைவெளி கூடி, ஜன்னல் பக்கம் சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை. எல்.இ.டி. விளக்கு வைத்தால் ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம், டைமர் போட்டு. விளக்கு கிட்டத்தில் இருந்தால் உச்சி இலைகள் மட்டும் வெளுக்கும், ஓரம் மேல்நோக்கி மடங்கும், பக்கத்தில் நிழலில் உள்ளவை நன்றாக இருக்கும். இதை இரும்புக் குறை என்று நினைத்துவிடுவது சகஜம். விளக்கை ஒரு சாண் உயர்த்திப் பத்து நாள் பாருங்கள், வெளுத்த இலை திரும்பாது, அடுத்து வரும் தளிர் பச்சையாக வந்தால் விடை கிடைத்தது. ஹீட்டர் காற்று நேராக அடிக்கும் இடத்தில் தொட்டி இருந்தால் அந்தப் பக்கத்து இலை நுனி மட்டும் காயும், அதற்கு மருந்து இடம் மாற்றுவதுதான். மிளகாய் வைத்திருந்தால் ராத்திரி 15 டிகிரிக்குக் கீழே போகும் இடத்தில் பூ உதிரும். உரம் போட்டு அதை நிறுத்த முடியாது.

பூச்சி இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்

வறண்ட சூடான காற்று செஞ்சிலந்திக்குச் சொர்க்கம். இலையின் மேல்புறம் ஊசியால் குத்தினது போல வெளிர்ப் புள்ளிகள், முற்றினால் கணுக்களில் மெல்லிய வலை. வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து இலையைத் தட்டுங்கள், விழுந்த தூசிகளில் ஒன்றிரண்டு நடந்து போனால் அவைதான். விரலால் தேய்த்தால் கோடு விழும். குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய், மண்ணை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடிக்கட்டி, இலையின் அடிப்புறம் படும்படி ஷவரில் நன்றாக அடியுங்கள். பிறகு பூச்சிக்கென்று விற்கும் சோப்புக் கரைசல். முட்டைகள் பிழைத்துக்கொள்ளும், அதனால் 5, 6 நாளுக்கு ஒருமுறையாக மூன்று தடவையாவது செய்ய வேண்டும். ஒருமுறை அடித்துவிட்டு விட்டால் செய்யாததற்குச் சமம். சமைக்கும் இலை என்பதால் எந்தப் பாட்டிலையும் உணவுச் செடிக்கு ஆகுமா என்று லேபிளில் பார்த்துவிட்டே வாங்குங்கள். கடையில் இலைக்குப் பளபளப்பு என்று போட்டு விற்கும் எண்ணெய்களைச் சமையல் செடியில் அடிக்காதீர்கள்.

தண்டில் பழுப்பு நிறத்தில் பொட்டு ஒட்டினது போல வரிசையாக இருந்து, கீழே தரை பிசுபிசுத்தால் அது செதில் பூச்சி. கறிவேப்பிலைக்கு இது அடிக்கடி வரும். மருந்துக் கடையில் விற்கும் ரப்பிங் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தெடுக்க வேண்டியதுதான், பொறுமையான வேலை. மண்ணுக்கு மேலே பறக்கும் குட்டி ஈக்களைப் பற்றிப் பயப்பட வேண்டாம், அவை மண் ஓயாமல் ஈரமாக இருக்கிறது என்று சொல்ல வந்தவை. மேல்மண்ணைக் காயவிட்டு, பூச்சி ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் அட்டை ஒன்று செருகிவைத்தால் குறைந்துவிடும்.

மே மாதம் செடியை வெளியே வைக்கும்போது இன்னொரு கூத்து நடக்கும். விக்டோரியா தினம் (மே மாதக் கனடா விடுமுறை) வந்தாச்சு, இரவுகள் 12 டிகிரிக்கு மேல் இருக்கிறது என்று முழு வெயிலில் கொண்டுபோய் வைப்பீர்கள், இரண்டே நாளில் இலையில் காகிதம் போல வெள்ளைத் திட்டுகள் வரும். நோய் இல்லை, வெயில் சுட்டது. வீட்டுக்குள் வந்த இலை மங்கல் வெளிச்சத்துக்கென்று மெல்லியதாக வளர்ந்தது. முதல் வாரம் நிழலில், அடுத்த வாரம் காலை வெயில் மட்டும், அப்புறம் முழு வெயில். அந்த நேரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டு, மண்புழு உரம் இரண்டு கைப்பிடி வையுங்கள், மண் சூடாக இருப்பதால் இப்போது அது வேலை செய்யும்.